ராணிப்பேட்டை ஜிம்முக்கு நான் கோடு போட வரமாட்டேன்

தினா,

சாப்பிட்டாயா என்று கேட்கப் போவதில்லை. ராணிப்பேட்டையில் நீ எடுத்திருக்கும் அறைக்குக் கீழேயே மெஸ் இருக்கிறது என்று சொன்னாய், சாப்பிட்டிருப்பாய். நேற்று மதியம் போனில், "மா, வியாழக்கிழமை மெஷின் எல்லாம் வந்துடும். அதுக்கு முன்ன ஒருவாட்டி வந்து, எது எங்க வெக்கணும்னு கோடு போட்டுக் குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டாய். கண் சரியில்லை, பஸ் ஏற முடியாது என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். கண் நன்றாகத்தான் இருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டு ஒரு வாரம் ஆகிறது. நான் வரமாட்டேன். காரணத்தை நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கத்திவிடுவேன். நான் கத்தினால் நீ வழக்கம்போல "சரி மா, சரி மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். இதில் ஜிம்மைப் பற்றிக் கொஞ்சமும் கல்பனாவைப் பற்றி நிறையவும் இருக்கிறது. அந்தப் பெண்ணை ஆம்பூர் ஜிம்மில் டிரெய்னர் வேலையிலிருந்து நீ நிறுத்தியது தப்பு. அந்தத் தப்பில் பெரிய பங்கு என்னுடையது. அதைச் சரிசெய்யாமல் நீ இன்னொரு ஊரில் இன்னொரு ஜிம் திறப்பதில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆம்பூரில் பைபாஸ் ஓரம், பர்னிச்சர் கடைக்கு மேல்மாடியை நீ வாடகைக்குப் பிடித்தபோது அது வெறும் தரை. பெங்களூரில் நாலு வருடம் டிரெய்னராக இருந்து கற்றதையெல்லாம் வைத்து, சாக்பீஸால் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருந்தாய். டிபன் கொண்டுவந்த நான், பையைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணியால் அதைத் துடைத்தேன். "இருபத்தெட்டு வருஷம் ஷூ கம்பெனியில லைன் பாத்தவடா நான். எடத்த எப்புடி வெக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். நீ கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாய். எங்கள் கம்பெனியில் தோல் ஒரு வாசலில் நுழையும். வெட்டுவார்கள், தைப்பார்கள், அடி ஒட்டுவார்கள், பெட்டியில் போடுவார்கள், அடுத்த வாசலில் லாரி நிற்கும். எல்லாம் ஒரே திசை. எதுவும் திரும்பி வரக்கூடாது, திரும்பி வந்தால் அது பழுது. அதையே உன் ஜிம்மிலும் செய்தேன். முதலில் டிரெட்மில், பிறகு மெஷின்கள், பிறகு டம்பெல், கடைசியில் பாய். தரையில் மஞ்சள் டேப்பில் அம்புக்குறிகூட ஒட்டினேன். மெஷினுக்கு மெஷின் இடைவெளியைத் தையல் மெஷின்களுக்கு விடுவதுபோல முழங்கை அளந்து விட்டேன். உன் மேசையை எல்லோரும் தெரியும்படி தலைமாட்டில் போட்டேன்.

ஷூ திரும்பி வராது, மனிதர்கள் வருவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. தண்ணீர் குடிக்கத் திரும்பினார்கள், மறந்த துண்டை எடுக்கத் திரும்பினார்கள், தெரிந்தவரைப் பார்த்தால் பேசத் திரும்பினார்கள். என் நடைபாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னோக்கி நடக்க வேண்டும். நான் கவுண்டரிலிருந்து, "அம்பு எந்தப் பக்கம் போகுது, நீங்க எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்பேன். கட்டணம் கட்டி வந்தவர்களிடம் கேட்டேனப்பா, இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கூச்சமாகவும் இருக்கிறது. டிரெட்மில்லைக் காற்று வரட்டும் என்று சன்னலோரம் போட்டேன். சாயங்காலம் அந்தப் பக்கம்தான் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம் வரும். இத்தனை வருடம் தோலோடு கிடந்த மூக்கு எனக்கு. அது செத்து வெகுநாள் ஆயிற்று. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர் மூச்சு வாங்க ஓடுகிற நேரத்தில் அதைக் குடித்துவிட்டு, மூன்றாம் நாளோடு நின்றுவிட்டார். நாற்காலியும் நான் வைக்கவில்லை, நாற்காலி இருந்தால் உட்காருவார்கள் என்று. முழங்கால் வலிக்காக டாக்டர் சொல்லி வந்தாரே பஷீர் பாய், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று லேஸ் கட்டுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இன்னாம்மா இது, ஷூ செய்யற ஊர்ல ஷூ மாட்ட ஒரு நாற்காலி கிடையாதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் ஒன்றொன்றாக நீ மாற்றிக்கொண்டாய். ஒருநாள் நாற்காலி வந்தது, ஒருநாள் அம்புக்குறி உரிந்து போயிருந்தது. "தொடைக்கும்போது வந்துடுச்சி மா" என்றாய். ஆனால் பலகையை மட்டும் நீ தொடவில்லை. லைனில் மணிக்கு எத்தனை ஜோடி முடிந்தது என்று ஆள் பெயரோடு எழுதும் வெள்ளைப் பலகை இருக்கும். டார்கெட் கம்மியானால் சிவப்பு மை. அதே மாதிரி ஒன்றை வாங்கி, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி, அதன் கீழேயே எடை மெஷினை வைத்தேன். காலை பத்து மணி லேடீஸ் பேட்ச்சுக்கு நான்தானே கவுண்டரில் உட்காருவேன். அவர்கள் பெயர், போன மாத எடை, இந்த மாத எடை. குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு ரோஷம் வரும் என்று நம்பினேன். சாயங்காலம் ஆண்கள் வரும்போதும் அந்தப் பலகை அங்கேயே தொங்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நம் ஊரில் ஒருத்தியின் கொழுந்தன், ஒருத்தியின் தம்பி, ஒருத்தியின் எதிர்வீட்டுக்காரன் எல்லோரும் சாயங்காலம் அதே வாசலில்தான் நுழைவார்கள். வீட்டில் தன் வயதைக்கூடச் சொல்லாத பெண்களின் எடையை அவர்கள் நின்று படித்தார்கள்.

எனக்கு இது முதல் தடவை என்றால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். என் லைனில் மேரி என்று ஒருத்தி இருந்தாள். டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போவார்கள், அவள் மட்டும் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். சோம்பேறி என்று நினைத்து, "அங்க சாயாதடி, மை ஒட்டும்" என்று திட்டுவேன். ஒட்டத்தான் செய்தது, வெள்ளை ஓவர்கோட்டின் முதுகெல்லாம் சிவப்புத் திட்டோடு மறுபடி வந்து மெஷினில் உட்காருவாள். தன் எண்ணை மறைக்கத்தான் அவள் அங்கே நின்றாள் என்பது எனக்குப் போன வாரம்தான் புரிந்தது. உனக்கு மட்டும் என்ன குறைவாகவா செய்தேன்? சமையலறைக் கதவில் உன் மாதாந்திரத் தேர்வு மார்க்கையும், பக்கத்திலேயே பெரியம்மா மகள் மார்க்கையும் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரோடு நின்று அதைப் படிப்பார்கள். அவர்கள் போகும்வரை நீ மாடியிலிருந்து இறங்கமாட்டாய். உன் நைனா ஒருநாள் அதைத் துடைத்துவிட்டார். பாவம், ஜோலார்பேட்டையில் டியூட்டி முடித்து வந்து, சட்டைகூடக் கழற்றாமல் துடைத்தார். நான் அவரோடு ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் அவரே சாக்பீஸ் எடுத்துப் பழைய மார்க்கை எல்லாம் திரும்ப எழுதினார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என்னைத் தப்பு என்று சொன்னதில்லை. நீ அதைப் பார்த்து வளர்ந்தவன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். லேடீஸ் பேட்ச்சில் ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன், பலகையில் எழுதியதே போதும். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. அவள் எடை மூன்று மாதமாக ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாம் மாதம் நான் சிவப்பில் எழுதிப் பேனா மூடியைப் போடுவதற்குள், பின்னாலிருந்து ஒருத்தி படித்துவிட்டு, "இன்னாடி, விசேஷமா? சொல்லவே இல்ல!" என்று கூவினாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அதற்குள் எல்லோரும் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தி கீழே ஓடிப்போய் ஸ்வீட் வாங்கி வந்து அவள் வாயில் ஊட்டினாள். நானும் கவுண்டரிலிருந்து எழுந்து, "அப்புடியே குனிஞ்சி வெயிட் கியிட் தூக்காத, பாத்து" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. வாயில் போட்டதை மென்று விழுங்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்பனா அவள் பின்னாலேயே படியில் ஓடினாள். திரும்பி வந்து, என் காதருகே, "அந்தக்காக்கு ஒடம்புக்கு மாத்திர குடுத்திருக்காங்கம்மா. அதுல வெயிட் ஏறுது. சேரும்போதே எங்கிட்ட சொன்னாங்க. இந்தப் பலகைய எடுத்துடலாம்மா, எல்லாருக்கும் சங்கடமா இருக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து வந்தவ, நீ எனக்குச் சொல்லிக்குடுக்கறியா?" என்றேன். ஒடுகத்தூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் நிற்கிற பெண்ணிடம் அப்படிச் சொன்னேன்.

ஸ்வீட்டை விழுங்கிவிட்டுப் போன அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. மற்றவர்களும் நின்றார்கள். நம் ஊர்ப் பெண்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள் அல்லவா, ஒருத்திக்குப் பிள்ளைக்குப் பரீட்சை, ஒருத்திக்கு வீட்டில் விருந்தாளி, ஒருத்திக்கு இடுப்பு. பத்தொன்பது பேர் இருந்த பேட்ச் ஆறு பேருக்கு வந்தது. நீ ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "லேடீஸ் ஏன் மா இப்புடி நின்னு போறாங்க?" என்று கேட்டாய். எனக்குக் காரணம் தெரியும். சோறு போட்டுக்கொண்டே, "டிரெய்னர் சரியில்லையோ இன்னாவோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அன்றைக்கு உன் தட்டில் நான் அதைத்தான் செய்தேன். அடுத்த மாதம் நீ கல்பனாவை நிறுத்திவிட்டாய். நீ என் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிட்டாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, உனக்கும் சொல்லவில்லை.

போன வாரம் கண்ணாடி வாங்க வேலூர் போனேன் அல்லவா, பஸ் ஸ்டாண்டில் கல்பனாவைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. நான் தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், அவளே வந்துவிட்டாள். "இன்னாம்மா, கண்ணாடி புதுசா? நல்லா இருக்குது" என்றாள். இப்போது எங்கே என்று கேட்டேன். ஷூ கம்பெனியாம், பேக்கிங்காம். விளையாட்டுப் படிப்பு படித்துவிட்டு ஏன் அங்கே போனாய் என்று கேட்டேன், வெட்கமில்லாமல். "வேற ஜிம்ல கேட்டேன்மா. ஆம்பூர்ல ஏன் நிறுத்துனாங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உன்மேல தப்பே இல்லம்மா. எல்லாம் அந்தப் பலகையால வந்துது. நான்தான் தினாகிட்ட சொல்லாம மறைச்சிட்டேன்" என்று அங்கேயே உடைத்துச் சொன்னேன். "அவருக்குத் தெரியுமேம்மா. நான் அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டனே. 'அம்மா வெச்சது, நான் எடுத்தா வீட்ல பேஜாராயிடும், கொஞ்ச நாள் பொறுத்துக்கோ'ன்னாரு. அப்பறம் அவரே கூப்ட்டு, பேட்ச் கொறஞ்சி போச்சு, அடுத்த மாசத்துலேந்து வேணாம்னாரு" என்றாள். அவள் பஸ் வந்துவிட்டது. "ஒடம்பப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். ஆம்பூர் பஸ் இரண்டு என் கண்ணெதிரே போயிற்று, எனக்கு ஏறத் தோன்றவில்லை.

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. தெரிந்தே செய்திருக்கிறாயே என்று. ஒரு பெண்ணின் பிழைப்பைவிட என் முகம் சுளிக்காமல் இருப்பது உனக்குப் பெரிதாகிவிட்டதா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? வீட்டுக்கு வந்து, ராணிப்பேட்டை இடத்துக்கு நீ வரைந்து அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலுக்கு நேரே ஒரு கட்டம், அதற்குள் "போர்டு - அம்மா" என்று எழுதியிருந்தாய். தினா, அதைப் பார்த்ததும் கோபம் எல்லாம் போய்விட்டது, பயம்தான் வந்தது. அது தப்பு என்று தெரிந்தும், பதின்மூன்று பேர் நின்றுபோனது தெரிந்தும், புது ஊரிலும் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறாய். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒதுக்கியிருக்கிறாய். உன் நைனா ஆறாம் நாள் சாக்பீஸ் எடுத்த மாதிரிதான் இது. உன்னை இப்படி ஆக்கியது நான்தான். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் நான் இதுவரை சொன்னதில்லை.

மறுநாள் பலகையைக் கழற்றினேன். ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி மட்டும் வந்து ஒரு முனையைப் பிடித்தாள். பிறகு, நான் சிவப்பில் எழுதிய அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். "வாங்கம்மா" என்றாள், டீ போட்டுக் கொடுத்தாள். நான் ஆரம்பித்ததும், "அத விடுங்கம்மா, மாமியார் உள்ள இருக்காங்க" என்றாள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் இனி வரமாட்டாள், எனக்குத் தெரியும்.

ராணிப்பேட்டைத் தரைக்கு என்ன செய்வது என்று கேட்டாயே. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோடாக எடுத்துக்கொள்ளாதே. எடை மெஷினைக் கதவு உள்ள ஒரு சின்ன அறையில் வை, ஏறி நிற்கிறவர் மட்டும் பார்க்கட்டும். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு, டம்பெல் தூக்குகிறவர்கள் நடுவே புகுந்து போகும்படி வைக்காதே. பாய் விரிக்கிற இடம் யாரும் கடந்து போகாத மூலையில் இருக்கட்டும். படுத்திருக்கிறவளைத் தாண்டி ஆள் நடந்தால் அவள் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் துப்பட்டாவைத்தான் சரிசெய்வாள். மெஷினுக்கு மெஷின் தாராளமாக விடு, ஒன்றிரண்டு மெஷின் கம்மியானாலும் பரவாயில்லை. சன்னல் விஷயத்தில் என் மூக்கை நம்பாதே. எடுத்த எடுப்பிலேயே மெஷின்களை போல்ட் போட்டு இறுக்கிவிடாதே, ஒரு மாதம் ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார். இதில் பாதிக்கு மேல் எனக்குச் சொந்தமில்லை. கல்பனா அவ்வப்போது கவுண்டருக்கு வந்து மெதுவாகச் சொன்னவை, நான் காதில் வாங்காதவை. யாரை வைத்துக் கோடு போடவேண்டும் என்று இதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. ஒடுகத்தூர் போ. மெஷின்காரனிடம் சொல்லி வியாழக்கிழமையைத் தள்ளிவை, ஒரு வாரத்தில் ஒன்றும் குடி முழுகிப் போகாது. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே, நான் வந்தால் என் வயதுக்காகச் சரி என்றுவிடுவாள். அவள் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. வந்தாலும் வராவிட்டாலும், வேறு ஜிம்மில் கேட்டால் காட்டுவதற்கு அவள் வேலையைப் பற்றி நல்லபடியாக ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கையோடு கொடுத்துவிட்டு வா. ஆனால் வேலை, சம்பளம் என்று எதைப் பேசுவதற்கும் முன்னால், அவள் அப்பா அம்மா இருக்கும்போதே, ஒன்று சொல்லவேண்டும். "தப்பு எங்க அம்மாவோடது. எனக்கு அப்பவே தெரியும். எங்க அம்மாவுக்குப் பயந்து உங்க பொண்ண நிறுத்திட்டேன்" என்று சொல். அதே வார்த்தையை ஆம்பூருக்கு வந்து, அந்த ஆறு பேர் முன்னால், நான் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்.

எனக்குக் கோபம் வரும். நானே எழுதிக் கொடுத்தும் வரும், என்னை எனக்குத் தெரியாதா? இரண்டு நாளோ ஐந்து நாளோ உன்னோடு பேசாமல் இருப்பேன். நீ சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதே. பேசாமல் தட்டைப் போட்டு உட்கார், நான் சோறு போடுவேன்.

உன் அம்மா